மகளுக்குச் சான்சலர் ஆக ஆசை: ஏ-லெவலுக்கு என்ன எடுப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

டொக்டர் ஆவாள் என்று நினைத்திருந்த மகள், ரேச்சல் ரீவ்ஸ் மாதிரி நிதியமைச்சர் ஆகப்போகிறேன் என்று சொன்னால் வீட்டில் சத்தம் வரத்தான் செய்யும். அவள் சொன்னதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். அதற்காக நாளைக்கே ஒக்ஸ்ஃபோர்டுக்கு ட்யூஷன் தேடி ஓடவும் வேண்டாம்.

பிரித்தானியாவில் சான்சலர், அதாவது நிதியமைச்சர், பதவிக்கென்று ஒரு படிப்பு கிடையாது. எம்.பி. ஆக வேண்டும், கட்சி ஆட்சிக்கு வர வேண்டும், பிரதமர் கூப்பிட வேண்டும். மூன்றும் மார்க்கால் வருவதில்லை. 1964-இல் சான்சலரான ஜேம்ஸ் கலகன் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர். வருமான வரித் துறையில் எழுத்தராகத் தொடங்கியவர். அவருக்குப் பின் சான்சலரானவர்களில் ஜோன் மேஜர் 16 வயதளவில் பள்ளிக்கூடத்தை விட்டு, பின்னர் வங்கியில் வேலை பார்த்தவர். கோர்டன் பிரவுன் வரலாற்றில் முனைவர். நதீம் சஹாவி படித்தது இரசாயனப் பொறியியல். குவாசி குவார்ட்டெங்கும் கேம்பிரிட்ஜில் பொருளாதார வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் 2022 செப்டம்பர் 23-இல் அவர் அறிவித்த வரிக் குறைப்புகள் பவுண்டையும் அரசுக் கடன் பத்திரச் சந்தையையும் ஆட்டிவிட்டன. 38 நாளில் பதவி போயிற்று. அந்த ஒரே ஆண்டில் நாலு பேர் சான்சலராக இருந்தார்கள். வேலை நிரந்தரமா என்று உங்கள் கணவர் கேட்டிருந்தாரே, அதற்குப் பதில் இதுதான்.

மகளுக்குப் பிடித்த ரீவ்ஸின் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். படித்தது தென்கிழக்கு லண்டனில் ஓர் அரச பள்ளியில். சிறுவயதில் சதுரங்கத்தில் 14 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான ஒரு பட்டம் வென்றவர். பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளித் தேர்வான ஏ-லெவலில் கணிதம், மேல்நிலைக் கணிதம், பொருளாதாரம், அரசியல். ஒக்ஸ்ஃபோர்டில் பிபிஇ, அதாவது மெய்யியல், அரசியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த படிப்பு. அப்புறம் எல்எஸ்இ என்னும் லண்டன் பொருளியல் கல்லூரியில் பொருளாதார முதுகலை.

உங்கள் மகள் இதுவரைக்கும்தான் பார்த்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு வருவதுதான். 2000-இல் இங்கிலாந்து மத்திய வங்கியில் பொருளியலாளராகச் சேர்ந்தார். இடையில் வாஷிங்டன் தூதரகத்திலும் இருந்தார். 2005 பொதுத் தேர்தலில் புரோம்லி-சிசில்ஹர்ஸ்ட் தொகுதியில் நின்று தோற்றார். அடுத்த ஆண்டு அதே தொகுதி இடைத்தேர்தலில் நான்காம் இடம்! லீட்ஸுக்குப் போய் எச்பிஓஎஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே அரசியலைத் தொடர்ந்தார். 2010-இல்தான் லீட்ஸ் வெஸ்ட் எம்.பி. அதன்பின் 14 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசை. அங்கே நிழல் அமைச்சர் (ஒரு துறைக்கான எதிர்க்கட்சிப் பேச்சாளர்), நாடாளுமன்றக் குழுத் தலைவர், 2021-இல் நிழல் சான்சலர். 2024 ஜூலை 5-இல் பதவியேற்றபோது அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மத்திய வங்கியில் கால் வைத்ததிலிருந்து எண்ணினால் 24 ஆண்டுகள். நடுவில் அரசியல் கைகூடாமல் போயிருந்தாலும் அவரிடம் ஒரு தொழில் இருந்தது.

இடையில் ஒன்று. வேலை விவரங்களைப் போடும் லிங்க்ட்இன் தளத்தில் அவர் மத்திய வங்கியில் இருந்த காலம் உண்மையைவிடச் சில மாதங்கள் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது என்று 2025-இல் செய்தி வந்து ரீவ்ஸுக்குப் பெரிய தலையிடி ஆயிற்று. தவறுதலாக நேர்ந்தது என்றது அவர் தரப்பு. மகள் சிவி எழுதத் தொடங்கும்போது திகதிகளைச் சரிபார்க்கப் பழக்குங்கள்.

சரி, ஏ-லெவலுக்கு வருவோம். கணிதம் கட்டாயம் எடுக்கட்டும். பிபிஇக்கு ஒக்ஸ்ஃபோர்ட் அதைக் கட்டாயமாக்கவில்லை என்று அவள் வாதாடுவாள், உண்மைதான். ஆனால் எல்எஸ்இயிலோ கேம்பிரிட்ஜிலோ பொருளாதாரம் படிக்கக் கணிதம் இல்லாமல் முடியாது. பொருளாதாரமும் வரலாறும் சேர்ந்தால் நல்லது. பிபிஇ ஒரு நல்ல படிப்பு. ஆனால் அது இல்லாவிட்டால் அரசியலே இல்லை என்பது லண்டன் பத்திரிகைகள் ஊதிவிட்ட கதை. வாரிக் அல்லது மான்செஸ்டரில் நல்ல பொருளாதாரப் பட்டம் எடுத்தாலும் கதவுகள் திறக்கும்.

எந்தக் கதவுகள் என்றால், திறைசேரி, மத்திய வங்கி, பட்ஜெட்டுக்கு முன்கணிப்புச் செய்யும் ஓபிஆர், நிதி ஆய்வுக்கான ஐஎஃப்எஸ். அரசாங்கத்தில் பொருளியலாளராகச் சேரப் பட்டப்படிப்பில் பாதியாவது பொருளாதாரம் இருக்க வேண்டும் என்பார்கள். பிபிஇயில் பாடம் தெரிவு செய்யும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. இன்னொன்று, அரச ஊழியராக இருந்துகொண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, வேலையை விட வேண்டும். சில பிள்ளைகள் உள்ளே போனபின் இந்த வேலையே போதும் என்று இருந்துவிடுவார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. பட்ஜெட்டை வாசிப்பவர் சான்சலர் என்றாலும் அதன் கணக்குகளைப் போடுபவர்கள் அவர்கள்தானே.

நம் ஆட்கள் அங்கே போக முடியுமா என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். நீங்கள் இருக்கும் ஹரோவிலேயே உதாரணம் உண்டு. உமா குமரன் 2015-இல் ஹரோ ஈஸ்ட்டில் நின்று தோற்றார். 2024-இல் ஸ்ட்ராட்ஃபோர்ட்-போ தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். 18 வயது, பத்து வாக்காளர்களின் கையெழுத்து, 500 பவுண்ட் கட்டுப்பணம் இருந்தால் நிற்கலாம். 5 வீத வாக்கு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. ஆனால் அதற்கு முன்னால் கவுன்சில் தேர்தல் காலத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூட்டத்தோடு அனுப்பிப் பாருங்கள். கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்தபின்னும் அடுத்த கிழமை போகிறாள் என்றால் ஆசை உண்மையானது. எந்தக் கட்சி என்பதை அவளே முடிவு செய்யட்டும். அப்பாவின் கட்சி வேண்டாம்.

சம்பளம்: 2025 ஏப்ரலில் எம்.பி.க்கு ஆண்டுக்கு 93,904 பவுண்டாக இருந்தது, அமைச்சருக்கு அதற்கு மேல் ஒரு தொகை. டொக்டரோடு ஒப்பிட்டு மனதை நோகடிக்க வேண்டாம்.

கடைசியாக, எதற்கும் இருக்கட்டும் என்று இரசாயனத்தையும் வைத்திருக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவத்தில் அவளுக்கு இன்னும் பாதி மனமாவது இருந்தால் வைக்கலாம். உங்கள் நிம்மதிக்காக மட்டும் என்றால் அந்த இடத்தில் மேல்நிலைக் கணிதம் போகட்டும். செப்டம்பரில் வகுப்பு தொடங்கிச் சில கிழமைகளுக்குள் பாடம் மாற்றப் பல பள்ளிகள் விடும், அந்தக் கடைசித் திகதியை இப்போதே பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.