ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் அங்கீகாரம் போகும் என்கிறார்கள்: பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஆகும், வீடு மாற வேண்டுமா?

ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா பக்கம் குடியிருக்கிறீர்கள், பெண் பத்தாவது, பையன் மூன்றாவது, உங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ‘புரோபேஷன்’ என்ற எச்சரிக்கைக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வீடு மாற வேண்டாம். ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம்.

நம் ஊரில் ஒரு பள்ளியின் அங்கீகாரம் ரத்தானால் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அந்தப் பயத்தோடு இந்தச் செய்தியைப் படிக்காதீர்கள். அமெரிக்க அரசுப் பள்ளி தரும் டிப்ளமா, அதாவது பன்னிரண்டாவது முடித்த சான்றிதழ், மாநிலச் சட்டப்படி தரப்படுவது. அங்கீகாரம் போனாலும் பள்ளி திறந்திருக்கும், டிப்ளமாவும் கிடைக்கும். கல்லூரிக்கான மத்திய அரசு நிதியுதவிக்கும், மாநிலம் ஏற்கும் டிப்ளமா இருந்தால் போதும். அடி விழுவது வேறு இடங்களில்.

அங்கீகாரத்தைத் தருவது யார் என்பதுதான் முதல் விஷயம். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிசௌரியில் மாநிலக் கல்வி வாரியமே தேர்ச்சி, வருகை போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறது. ஜார்ஜியாவில் அது ஒரு தனியார் லாபநோக்கற்ற அமைப்பின் வேலை. முன்பு ‘சாக்ஸ்’ என்றும் பிறகு ‘அட்வான்ஸ்எட்’ என்றும் அழைக்கப்பட்டு, 2019 முதல் ‘காக்னியா’ என்ற பெயரில் இயங்குகிறது. இந்த அமைப்பு கடுமை காட்டிய பெரிய விவகாரங்களில் பிரச்சினை பெரும்பாலும் பிள்ளைகளின் மதிப்பெண் அல்ல, டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு உறுப்பினர்களின் நடத்தை. உங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் கணக்குப் பாடம் திடீரென மோசமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

அட்லாண்டா பக்கத்துக் கிளேட்டன் கவுன்டியைப் பாருங்கள். ஏறக்குறைய 50,000 மாணவர்கள் படித்த டிஸ்ட்ரிக்ட். 2008 பிப்ரவரியில் சாக்ஸ் ஒன்பது கட்டளைகள் போட்டு, செப்டம்பர் 1 வரை கெடு கொடுத்தது. போர்டு ஒழுங்காக இயங்க வேண்டும், நெறிமுறைக் கொள்கையை அமல்படுத்த வேண்டும், வருகைப் பதிவுகளைத் தணிக்கை செய்ய வேண்டும், டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டன்ட்டாகத் தகுதியுள்ள ஒருவரை நிரந்தரமாக நியமிக்க வேண்டும், போர்டு உறுப்பினர்கள் உண்மையில் அங்கேதான் குடியிருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும் என்ற ரகத்தில்தான் அவை இருந்தன. பெரும்பாலானவை நிறைவேறவில்லை. ஆகஸ்ட் கடைசியில் அங்கீகாரம் போயிற்று. அதே சமயத்தில் ஆளுநர் சோனி பெர்டூ நான்கு போர்டு உறுப்பினர்களைப் பதவிநீக்கம் செய்தார். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வெளியேறினார்கள். 2009 மே மாதம் புரோபேஷன் நிபந்தனையோடு அங்கீகாரம் திரும்பியது. அதுவும் முன்தேதியிட்டு வந்ததால் அந்த ஆண்டு பன்னிரண்டாவது முடித்தவர்கள் தப்பித்தார்கள். முழு அங்கீகாரம் கிடைக்க 2011 ஆயிற்று.

டிகால்ப் கவுன்டி கதை இதற்கு நேர் எதிர். 2012 டிசம்பரில் புரோபேஷனில் வைக்கப்பட்டது. கிளேட்டன் அனுபவத்துக்குப் பிறகு ஜார்ஜியா சட்டத்தை மாற்றி, இப்படிப்பட்ட நிலையில் போர்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்யும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தந்திருந்தது. 2013 பிப்ரவரியில் ஆளுநர் நேதன் டீல் ஒன்பது பேரில் ஆறு பேரை இடைநீக்கினார். வழக்குப் போனது, மாநில உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. டிகால்ப் அங்கீகாரத்தை இழக்கவே இல்லை.

புரோபேஷன் என்றாலும் அங்கீகாரம் இருக்கிறது என்றுதான் பொருள். செய்தித்தாள் தலைப்பு இதைச் சொல்லாது. புரோபேஷன் காலத்தில் முடிக்கும் பிள்ளையின் டிப்ளமா அங்கீகாரம் பெற்ற பள்ளியின் டிப்ளமாதான்.

இப்போது பெண்ணைப் பற்றி. பத்தாவது என்பதால் அவள் முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. எங்கே இடிக்கலாம்? ஒன்று, ஜார்ஜியா மாநிலம் கல்லூரிப் படிப்புக்குத் தரும் ஹோப் உதவித்தொகை. அதற்குத் தகுதியான உயர்நிலைப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும், அங்கீகாரம் அந்தத் தகுதியோடு பிணைந்தது. இதைப் பள்ளி கவுன்சலரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், மாநில மாணவர் நிதி ஆணையத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடுவில் வேறு பள்ளிக்கு மாறுவது. அங்கீகாரம் இல்லாத காலத்தில் படித்த பாடங்களைப் புதிய பள்ளி அப்படியே ஏற்காமல், தேர்வு வைத்துச் சரிபார்க்கலாம். விளையாட்டு உதவித்தொகை கனவு இருந்தால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு பள்ளியையும் பாடங்களையும் தனியே பட்டியலிட்டு அங்கீகரிக்கிறது, அந்தப் பட்டியலையும் பாருங்கள்.

இதற்கெல்லாம் காப்பு, வெளியார் தரும் சான்றுகள். கல்லூரித் தரப் பாடங்களுக்கான ஏபி தேர்வு மதிப்பெண், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு, பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் கல்லூரியே தரும் கிரெடிட் ஆகிய மூன்றையும் டிஸ்ட்ரிக்ட்டின் நிலை தொடாது. பதினொன்றாவதில் இவற்றை முன்னுக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட்டும் (மதிப்பெண் பட்டியல்), ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் வாங்கி வையுங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பல, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஆனாலும் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பையனுக்கு டிப்ளமா கவலை கிடையாது. அவனுக்கு வரக்கூடிய ஆபத்து பணம் வழியாக வரும், மெதுவாக வரும். ஒரு பிள்ளை வெளியேறினால் அந்தத் தலைக்கு உரிய மாநில நிதியும் போகிறது. பள்ளிக் கட்டடத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவோ குறைவதில்லை. இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள், நல்ல ஆசிரியர்கள் பக்கத்து கவுன்டிக்குப் போவார்கள், அதைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்புவார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மிசௌரியின் நார்மண்டிதான் உதாரணம். அங்கே சிக்கல் போர்டு சண்டை அல்ல, தேர்ச்சி. மாநிலத்தின் மதிப்பெண் கணக்கில் போதிய அளவு எடுக்காத டிஸ்ட்ரிக்ட்டுக்கு அங்கீகாரம் போகலாம். நார்மண்டிக்கு 2013 ஜனவரியோடு போனது. அம்மாநிலச் சட்டப்படி, அங்கீகாரம் இழந்த டிஸ்ட்ரிக்ட்டின் பிள்ளைகள் பக்கத்து நல்ல டிஸ்ட்ரிக்ட்டில் சேரலாம், கட்டணத்தை விட்டுவந்த டிஸ்ட்ரிக்ட்டே கட்ட வேண்டும். மாநில உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் இதை உறுதி செய்ததும், நார்மண்டியிலிருந்து மட்டும் ஆயிரம் பேர் அளவுக்குக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டே அந்த டிஸ்ட்ரிக்ட் திவாலாகும் நிலைக்கு வந்தது. மாநிலம் அதைக் கலைத்து, 2014 ஜூலையில் புதிய பெயரில் அமைத்தது. போனவர்களுக்கு நல்ல பள்ளி, இருந்தவர்களுக்குக் காலி கஜானா. ஏழை டிஸ்ட்ரிக்ட் தலையில் இப்படியொரு பில்லைக் கட்டியது அநியாயம் என்பது என் கருத்து. ஜார்ஜியாவில் இந்தச் சட்டம் இல்லை. அதனால் உங்களைப் பணக்காரக் கவுன்டி இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

வீடு மாறுவதை எப்போது யோசிக்கலாம்? காக்னியாவின் சிறப்பு ஆய்வு அறிக்கையை முழுதாகப் படியுங்கள். டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இல்லையென்றால், திறந்த ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். அதில் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று வரிசையாக இருக்கும், கெடு தேதியும் இருக்கும். போர்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை அதோடு ஒப்பிடுங்கள். சூப்பரின்டெண்டன்ட் மாறிக்கொண்டே இருக்கிறாரா, தணிக்கை அறிக்கை தாமதமாகிறதா, முக்கிய வாக்கெடுப்புகள் எல்லாம் ஐந்துக்கு நான்கு என்று ஒரே அணிப் பிளவாக விழுகிறதா என்று பாருங்கள். மூன்றும் ‘ஆம்’ என்று வந்து, கெடுவுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால், பெண் பதினொன்றாவது தொடங்கும் முன் கோடை விடுமுறையில் மாறுங்கள். பதினொன்றின் நடுவில் மாறுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: பாட வரிசை உடையும், ஏபி வகுப்பில் இடம் கிடைக்காது, பரிந்துரைக் கடிதம் எழுத அவளைத் தெரிந்த ஆசிரியர் இருக்க மாட்டார்.

வாக்குரிமை இல்லாவிட்டாலும் போர்டு கூட்டத்தில் பேசலாம். முன்கூட்டிப் பெயர் பதிய வேண்டும், கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். குறைகளை அடுக்காமல், அறிக்கையின் எந்தக் கட்டளை எந்தத் தேதியில் முடியும், பொறுப்பு யாருடையது என்று மட்டும் கேளுங்கள். கேள்வி பதிவாகிவிடும். அடுத்த கூட்டத்துக்கும் போய் அதையே கேளுங்கள்.