பொலிரோ ஆக்சில் ஜீப்புக்கு உட்காருமா?

கேள்வி: என்னிடம் எம்எம்540 ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது. பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துக்குப் போய்வர வைத்திருக்கிறேன். பின் ஆக்சிலில் குழாய் சேரும் இடத்தில் எண்ணெய் கசிகிறது. கொஞ்சம் வேகம் எடுத்தால் ஊளையிடுகிறது. கோவையில் ஒரு தரகர், பொலிரோவின் பின் ஆக்சில் முழுசாக இருக்கிறது, வீல் நட்டு பொருந்தும், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தை மட்டும் மாற்றி வெல்டு அடித்தால் போதும், அப்படியே உட்காரும் என்கிறார். என் மெக்கானிக் தயங்குகிறார். வாங்கலாமா?

பதில்: உட்காரும். கேஸ் கட்டரும் வெல்டிங் மிஷினும் இருந்தால் டிராக்டர் ஆக்சிலைக்கூட ஜீப்புக்கு அடியில் உட்கார வைத்துவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. வண்டியில் ஏற்கெனவே இருக்கிற முன் ஆக்சிலோடு இது ஒத்துப்போகுமா? தரகர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். சொல்லவும் மாட்டார்.

டிப்ரன்ஷியலுக்குள், அதாவது ஆக்சிலின் நடுவில் இருக்கிற பல்சக்கரக் கூட்டுக்குள், கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், பினியன் என்று ஒரு சின்னது. கிரவுனின் பல்லைப் பினியனின் பல்லால் வகுத்தால் வருவது ரேஷியோ. 43 பல்லும் 8 பல்லும் என்றால் 5.38. 39-ம் 8-ம் என்றால் 4.88. 47-ம் 11-ம் என்றால் 4.27. 41-ம் 11-ம் என்றால் 3.73. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பலர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சுற்றலைக் கொண்டுவரும் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

உங்கள் ஜீப்பில் ஃபோர் வீல் போட்டதும், அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்ததும், முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் டிரான்ஸ்பர் கேஸில் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. முன்னால் 4.88, பின்னால் 4.27 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் 100 மீட்டர் ஓடும் நேரத்தில் முன் சக்கரத்துக்குக் கிடைப்பது 87.5 மீட்டர் சுற்றல்தான். மிச்சம் 12.5 மீட்டரை டயர் தேய்த்துக்கொண்டே இழுபட வேண்டும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த பாறையிலோ தாரிலோ வழுக்க இடம் இல்லை. அப்போது யூஜே கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பு) போகும், இல்லாவிட்டால் டிரான்ஸ்பர் கேஸ் கியர் போகும்.

இப்படி ஒரு ஜீப் என் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஃபோர் வீல் நெம்புகோல் இறுகிவிட்டது, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வெளியே வரவில்லை என்று கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள். ஜாக்கி போட்டு முன் சக்கரம் ஒன்றைத் தூக்கினோம். தரையை விட்டு ஒரு விரல் எழும்பியதுதான் தாமதம், சக்கரம் தானாக டக்கென்று பின்பக்கம் சுழன்று நின்றது. அத்தனை முறுக்கும் உள்ளே தேங்கி நின்றிருக்கிறது. பையன் கையை ஸ்போக்கில் வைத்திருந்தால் விரல் போயிருக்கும். பின் ஆக்சில் யாரோ மாற்றிப் போட்டதாம். உரிமையாளருக்கே தெரியாது, வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

அதனால் தரகர் ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் ஏமாந்துவிடாதீர்கள். டூ வீலில், தார் ரோட்டில், காலியாக ஒரு ரவுண்டு அடித்துக் காட்டுவார். வெண்ணெய் மாதிரி போகும். டூ வீலில் முன் ஆக்சில் சும்மா உருண்டுகொண்டு வருவதால் எந்த ரேஷியோவும் எந்த ரேஷியோவோடும் சண்டை போடாது. சண்டை ஆரம்பிப்பது முதல் மழையில், நீங்கள் தோட்டத்துச் சரிவில் லோ கியர் போடும்போது. அதற்குள் அவர் போனை எடுக்க மாட்டார். வீல் நட்டு பொருந்துகிறது என்பதும் அதே வகைதான். ஜீப்பில் ஐந்து நட்டு, 139.7 மில்லிமீட்டர் வட்டம். ஜிப்சியிலும் அதே ஐந்து, அதே வட்டம். அதற்காக ஜிப்சி ஆக்சிலை ஜீப்பில் போடுவீர்களா? சக்கரம் மாட்டுகிற அளவு அது, அவ்வளவுதான்.

உங்கள் மாடலுக்கு இந்த ரேஷியோ என்று யாராவது புத்தகத்தைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். முப்பது வருஷம் மலையில் ஓடின வண்டிக்கு அடியில் இன்றைக்கு இருப்பது கம்பெனி போட்டதுதானா என்று யாருக்குத் தெரியும்? எண்ணிப் பார்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். இதில் சோம்பல் கூடாது. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், ஷாஃப்டில் பிடிக்கிற வகை. ஷாஃப்ட் சுற்ற வேண்டுமென்றால் அதை விட்டாக வேண்டும். பிடித்திருந்தாலும் ஒரு பின் சக்கரம் தூக்கிவிட்டால் வண்டியை அது நிறுத்தாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் 20 சுற்றுச் சுற்றுங்கள், ஒருவர் ஷாஃப்டைப் பார்த்து எண்ணட்டும். ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதால் 20 சுற்று 10-க்குச் சமம். ஷாஃப்ட் ஏறக்குறைய 48¾ சுற்றினால் உங்களுடையது 4.88. 53¾ என்றால் 5.38. முன்பக்கமும் இதே மாதிரி. டிரான்ஸ்பர் கேஸ் டூ வீலில் இருக்கட்டும், ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் லாக் பண்ணிவிட்டுச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் அசையாது. தரகரின் ஆக்சில் தரையில் கிடப்பதால் இன்னும் சுலபம். சக்கரம் மாட்டும் ஒரு பக்கத்து ஹப்பைப் பிடித்துக்கொண்டு மறு ஹப்பை 20 சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் மாட்டுகிற பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று என்று எண்ணினால் முடிந்தது. மூடியைக் கழற்ற விட்டால் கிரவுனின் விளிம்பிலேயே பல் எண்ணிக்கை பொறித்திருப்பதைப் படிக்கலாம். கழற்ற விடமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டுக் கிளம்புங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் சொன்னதைக் கேட்டு நல்ல ஆக்சிலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆள் உண்டு. 39-க்கு 8 என்றால் 4.875. 44-க்கு 9 என்று ஒரு ஜோடி உண்டு, அது 4.889. இரண்டும் ஒன்றில்லைதான். ஆனால் வித்தியாசம் ஒரு சதவீதத்தில் கால் பங்கு சொச்சம். அதே மாதிரி 4.09-ம் 4.10-ம். இதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் டயரைப் பாருங்கள். முன்னால் புது டயர், 12 மில்லிமீட்டர் பட்டன் (டயர் கட்டையின் உயரம்). பின்னால் தேய்ந்தது, 3 மில்லிமீட்டர் என்றால் ஆரத்தில் 9 மில்லிமீட்டர் குறைவு. ஜீப் டயரின் ஆரம் 350 என்று வைத்தால் அதுவே நூற்றுக்கு இரண்டரை. அந்தக் கால் பங்கைவிடப் பத்து மடங்கு! ரேஷியோவில் தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது எண்ணைப் பார்த்துக் கலங்குகிறவர்கள், முன்னால் ஒரு கம்பெனி பின்னால் ஒரு கம்பெனி என்று டயர் போட்டுக்கொண்டு ஃபோர் வீல் ஓட்டுகிறார்கள். நூற்றில் ஒன்றுக்குள் இருந்தால் ஒத்துப்போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக 4.88-ம் 4.27-ம் 'கிட்டத்தட்ட' ஒன்று என்று சொல்ல யாரையும் விடாதீர்கள்.

சரி, ரேஷியோ ஒத்துப்போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பழைய ஜீப் வகை டிரான்ஸ்பர் கேஸில் பின் ஷாஃப்ட் நடுவிலிருந்து கிளம்பாது. ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிளம்பும். அதற்கு நேராகத்தான் ஆக்சிலிலும் டிப்ரன்ஷியல் உருண்டை ஒதுங்கி இருக்கும். டூ வீல் வண்டியின் ஆக்சிலில் அப்படி இல்லை, கியர்பாக்ஸிலிருந்து நேராக வருகிற ஷாஃப்டுக்கு ஏற்ப உருண்டை நடுவாக்கில் இருக்கும். ரோட்டில் பார்க்கிற பொலிரோ பெரும்பாலும் டூ வீல்தான். அதைப் போட்டால் உங்கள் ஷாஃப்ட் பக்கவாட்டில் கோணிக்கொண்டு ஓடும். ஜீப்பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. குட்டை ஷாஃப்டில் கோணம் சட்டென்று கூடும். கிராஸ் மாற்றி மாற்றியே சம்பாத்தியம் போய்விடும்.

பிரேக்கும் மாறும். பொலிரோவின் டிரம் அளவு வேறு, வீல் சிலிண்டர் வேறு. ஈரத்தில் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் பின்பக்கம் உங்களை முந்திப் போகப் பார்க்கும். இதைச் சரிப்படுத்தத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

பட்டை உட்காரும் கட்டையை வெல்டு அடிப்பதில் ஒரே ஒரு விஷயம். ஆக்சிலைத் தரையில் போட்டு, கண்ணால் பார்த்து அடிக்க விடாதீர்கள். வண்டியைத் தன் பட்டைமேல், தன் எடையோடு நிறுத்தி, ஷாஃப்டை மாட்டி, பினியன் மூக்கு எவ்வளவு தூக்க வேண்டும் என்று வைத்துப் பார்த்து, புள்ளி வெல்டு போட்டு, மறுபடி அளந்து, அப்புறம்தான் முழு வெல்டு. அதுவும் ஒரே மூச்சில் அடித்தால் குழாய் வாழைப்பழம் மாதிரி வளையும். விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆத்திரம் வருவது வேறு ஒன்றில். கிரவுனும் பினியனும் பிறக்கும்போதே ஜோடி. தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்றை ஓடவிட்டு இழைத்து, இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். உக்கடமோ புதுப்பேட்டையோ, பழைய சாமான் கடைகளில் நல்ல மனிதர்களும் உண்டு. ஆனால் பல் உடைந்த ஜோடியில் தப்பித்த பினியனையும், இன்னொன்றில் தப்பித்த கிரவுனையும் சேர்த்துக் கழுவி, கறுப்பு பெயின்ட் அடித்து, 'மிலிட்டரி ஆக்‌ஷன் பீஸ் (ராணுவ ஏலத்தில் எடுத்தது), ஓடவே இல்லை' என்று விற்கிற ஆட்களும் அங்கேதான் நிற்கிறார்கள். பல் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஜோடி எண் பொருந்தாது. இடைவெளி சரிசெய்ய எந்த ஷிம் தகடு போட்டாலும் அந்த ஊளை அடங்காது. எண்ணெயில் மரத்தூளும் கெட்டி கிரீஸும் கலந்து சத்தத்தை அமுக்கி விற்பது இன்னொரு கைவரிசை. மூடியைத் திறந்ததும் விரலைவிட்டு எடுத்துப் பாருங்கள். நல்ல கியர் ஆயில் விரலில் வழிய வேண்டும், உருண்டையாக நிற்கக்கூடாது.

இத்தனைக்கும் உங்கள் ஆக்சில் செத்துவிட்டது என்று யார் சொன்னது? இந்த வகை ஹவுசிங்கில், அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டில், நடு உருண்டை வார்ப்பு. இரண்டு பக்கமும் குழாயை அதில் அழுத்திச் செருகி, துளை வழியாகப் பிளக் வெல்டு வைத்திருப்பார்கள். அந்த வெல்டு விட்டால் நீங்கள் சொல்கிற இடத்தில்தான் எண்ணெய் கசியும். உள்ளே நேரான கம்பி விட்டுக் குழாய் வளையாமல் பிடித்து, சூடாக்கி, வார்ப்புக்கு ஏற்ற நிக்கல் ராடில் திரும்ப வெல்டு வைத்தால் நிற்கும். ஊளை, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து காலை எடுத்ததும் நின்றால் கிரவுன் பினியனைச் சந்தேகப்படலாம். இரண்டிலும் ஒரே மாதிரி கேட்டால் முதலில் பேரிங்கைப் பாருங்கள். எண்ணெய் கசிந்து கசிந்து அளவு குறைந்ததில் பேரிங் போவது சகஜம். கிரவுன் பினியனே போயிருந்தாலும், உங்கள் ஹவுசிங்கை வைத்துக்கொண்டு அதே ரேஷியோவில் புது ஜோடி போடுவதுதான் என் ஆலோசனை. உங்களுடையது டானா 44 என்ற ஆக்சில் வகை என்றால் ஒரு சின்ன கவனம்: 3.73-ம் அதற்குக் கீழும் ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 3.92-ம் அதற்கு மேலும் வேறு கேரியர். ஒன்றின் கிரவுன் மற்றதில் சரியாக உட்காராது.

கடைசியாக ஆர்டிஓ. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருப்பதுதான் பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்சி-யில் ஆக்சில் ரேஷியோ என்று ஒரு கட்டமே கிடையாது. அப்படியானால் இதே அளவில் நல்ல ஆக்சிலை மாற்றியவன் குற்றவாளியா இல்லையா? ஒரு வாடிக்கையாளருக்காக இதை எழுத்தில் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை வேறு கவுன்ட்டர், இரண்டாம் தடவை ஆன்லைனில் போடுங்கள், மூன்றாம் தடவை 'எதுக்கு சார் கேட்டு வாங்கிக் கட்டிக்கிறீங்க?'. வாசலில் நின்ற புரோக்கருக்கு மட்டும் எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய உங்கள் ஜீப் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப் போயாக வேண்டும். உருண்டை இடம் மாறி, புது வெல்டு மினுங்கும் ஆக்சிலோடு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் விபத்து நடந்த பிறகுதான் அடியில் குனிந்து பார்க்கத் தோன்றும்.

தரகரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இப்போதே திருப்பிக் கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை முன்னும் பின்னும் சுற்றி எண்ணி, இரண்டு எண்ணையும், ஊளை எப்போது வருகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். மூடியைக் கழற்றினால் அடியில் தேங்கிய எண்ணெயைக் கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் நிற்பது தூளா, செதிலா, உடைந்த பல்லா என்று தெரிந்தால் அடுத்த வேலையைச் சொல்லிவிடலாம்.