படைப்பாளிகளுக்கும் அதிபுத்திசாலிகளுக்கும் மனநோய் வரும் வாய்ப்பு அதிகமா?

புத்திசாலித்தனம் வேறு, படைப்பாற்றல் வேறு. முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

புத்திசாலித்தனத்துக்குப் பதில் சுலபம். உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய ஆய்வில், ஐக்யூ மிக அதிகமாக இருந்த சுமார் 1,500 அமெரிக்கப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். 2018இல், ஐக்யூ மிக அதிகமானவர்களுக்கான மென்சா சங்கத்தின் அமெரிக்க உறுப்பினர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்று ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் ஒரு சங்கத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்தவர்கள் தாங்களே சொன்ன பதில்கள் அவை, அதை வைத்து எல்லா அறிவாளிகளையும் எடைபோட முடியாது.

படைப்பாற்றல் கதை வேறு. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். கலை, அறிவியல் துறைகளில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மனநோய் அதிகம் இல்லை, பைபோலார் (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) மட்டும் விதிவிலக்கு. எழுத்தாளர்கள் நிலைமைதான் மோசம், அவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலையும்கூட அதிகமாக இருந்தன. அப்புறம், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), பைபோலார் உள்ளவர்களின் நெருங்கிய ரத்த உறவுகள் படைப்புத் துறைகளில் கூடுதலாக இருந்தார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: நோய் முழுதாக வராதவர்களிடமும் அந்தத் திறமை இருக்கிறது என்றால், திறமைக்கு நோய் தேவை என்று எப்படிச் சொல்வது?

என் அண்ணன் படம் வரைபவர், அவருக்கு பைபோலார். மனம் உச்சத்தில் பறக்கும் நாட்களில் விடிய விடிய உட்கார்ந்து நோட்டு நோட்டாக வரைந்து தள்ளுவார், ஒவ்வொன்றும் உலகமே பார்க்காத படம் என்பார். தெளிந்த பிறகு அவரே புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் தொடங்கிவிட்டு விட்ட முகங்கள், பாதிக் கைகள், ஒன்றுகூட முடிந்திருக்காது. சோர்வு வந்தாலோ பென்சிலைத் தொடவே மாட்டார். அவர் பெயர் சொல்லும் படங்கள் எல்லாம் நடுவில் வந்த அமைதியான மாதங்களில் வரைந்தவை. ஓவியர் வான்கோவும் மனநோய் தாக்கிய நாட்களில் வரைய முடியாமல் தவித்தவர்தான். கணித மேதை ஜான் நாஷுக்கு 1994இல் நோபல் வாங்கித்தந்த வேலை, அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா வெளிப்படுவதற்குப் பல வருடங்கள் முன்பே முடிந்திருந்தது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், "மாத்திரை போட்டால் கற்பனை செத்துவிடும்" என்று பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க் மனநல மருத்துவர் மொகென்ஸ் ஷோ 1979இல், பைபோலாருக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் விசாரித்தார்: 12 பேர் வேலை கூடியது என்றார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், அந்த 6 பேரின் வலியும் பொய்யில்லை. அண்ணனுக்கும் லித்தியத்தால் விரல் நடுங்கியது, நேர்கோடு போட முடியவில்லை. மருத்துவரிடம் வரைந்த தாளையே கொண்டுபோய்க் காட்டினார். ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் குறைத்தார்கள், நடுக்கம் அடங்கியது. மருந்து உங்கள் வேலையைக் கெடுக்கிறது என்று தோன்றினால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை மாற்றவும் வேறு மருந்து பார்க்கவும் அவர்களிடம் வழி இருக்கிறது.