தாய்லாந்தின் பைக் ரேஸர் சோம்கியாட் சந்த்ரா, உலக பைக் பந்தயத்தின் உச்ச வகுப்பான மோட்டோஜிபியில் ஒரே சீசனோடு வெளியேறிவிட்டாரே, அவரைத் தோற்றுப்போனவர் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் கேள்வியில் இருக்கும் நியாயத்தை மறுக்க மாட்டேன். 2025-இல் எல்சிஆர் ஹோண்டா டீமில் ஓட்டினார், ஒற்றை இலக்கப் புள்ளிகளோடு சீசனை முடித்தார், 2026-க்கு அந்த இடம் பிரேசிலின் டியோகோ மொரேராவுக்குப் போய்விட்டது. அந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். அவர் எங்கிருந்து கிளம்பினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

வேலை காரணமாக நான் பாங்காக்கில் இருக்கிறேன். இந்த ஊரில் பைக் இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். காய்கறி வாங்கப் போகிற அம்மா முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை ஹோண்டா வேவ் மாதிரியான சின்ன வண்டியில்தான் போகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில், உலக கிராண்ட் பிரி பந்தயத்தில் (மோட்டோஜிபியும் அதற்குக் கீழே இருக்கும் மோட்டோ2, மோட்டோ3 வகுப்புகளும் சேர்ந்தது) ஜெயித்த ஒரு தாய்லாந்துக்காரர்கூட 2022 வரை இல்லை. கிராண்ட் பிரி தொடங்கியது 1949-இல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சோம்கியாட் பிறந்தது 1998 டிசம்பர் 15, சொன்புரி மாகாணத்தில். பட்டாயா இருக்கும் மாகாணம் அது. இங்கே எல்லோரும் அவரை 'கோங்' என்ற செல்லப்பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு முன்னால் அதே சொன்புரியிலிருந்து ரத்தபார்க் விலைரோட் என்று ஒருவர் கிராண்ட் பிரிக்குப் போயிருந்தார். 250சிசி வகுப்பிலும் பிறகு அதற்குப் பதிலாக வந்த மோட்டோ2-விலும் பல வருடம் முழுநேரமாக ஓட்டியவர். நல்ல ரேஸர், ஆனால் கிராண்ட் பிரியில் முதல் மூன்று இடத்துக்கான போடியம் ஏற முடியவில்லை. 2015-இல் தாய்லாந்தின் புரிராம் தடத்தில் நடந்த, கடையில் விற்கும் மாடல் வண்டிகளுக்கான உலக சூப்பர்ஸ்போர்ட் பந்தயத்தில் சொந்த மக்கள் முன்னால் ஜெயித்தார். அன்றைக்கு தாய்லாந்து ரேஸர் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் அதுதான் என்று பலரும் நினைத்தார்கள்.

சோம்கியாட் மேலே வந்த பாதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ பிறக்கிற பையன் ஐந்தாறு வயதில் மினிபைக் ஓட்டத் தொடங்குகிறான். பன்னிரண்டு வயதுக்குள் சரியான ரேஸ் தடத்தில், சரியான எதிராளிகளோடு மோதிப் பழகிவிடுகிறான். ஆசியாவில் அப்படி ஒரு வழி இல்லாமலே இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2014-இல் ஆசியா டேலண்ட் கப் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே ஹோண்டா என்எஸ்எஃப்250ஆர் வண்டி. காசு இருக்கிறவனுக்கு நல்ல இன்ஜின், இல்லாதவனுக்குப் பழையது என்ற பேச்சே கிடையாது. ஓட்டுகிறவன் கையில்தான் எல்லாம். முதல் இரண்டு பட்டங்களையும் ஜப்பான் பையன்கள் எடுத்தார்கள்: 2014-இல் கைட்டோ டோபா, 2015-இல் அயுமு சசாகி. 2016-இல் சோம்கியாட். ஜப்பானியர் அல்லாத முதல் சாம்பியன் அவர்.

அதன் பிறகு ஸ்பெயினில் நடக்கும் மோட்டோ3 ஜூனியர் சாம்பியன்ஷிப்புக்கு அனுப்பினார்கள். மொழி தெரியாத நாட்டில், பழகாத குளிரில் ஒரு இளைஞன் தினமும் தன்னைவிட அனுபவசாலிகளோடு மோத வேண்டும். 2018-இல் புரிராமில் முதல் முறையாக தாய்லாந்து கிராண்ட் பிரி நடந்தபோது மோட்டோ3-இல் வைல்டு கார்டாக, அதாவது அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும், இறக்கினார்கள், 9-ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த வருடமே நேராக மோட்டோ2. உலக மோட்டோ3-இல் ஒரு முழு சீசன்கூட ஓட்டாமல், சின்ன ஒற்றை சிலிண்டர் வண்டியிலிருந்து 765சிசி மூன்று சிலிண்டர் டிரையம்ப் இன்ஜினுக்குத் தாவினார். பெரிய தாவல் இது.

முதல் மூன்று வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, விழுவதும் எழுவதுமாகவே போனது. வேறு டீமாக இருந்தால் இரண்டாவது வருடமே கழற்றிவிட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஓட்டிய ஹோண்டா டீம் ஆசியா அவரை விடவில்லை. அந்த டீமை நடத்திய ஹிரோஷி அவோயாமா, 2009-இல் 250சிசி வகுப்பின் கடைசி உலக சாம்பியன். ஆசியாவிலிருந்து ஐரோப்பா போய் ஜெயிப்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அனுபவித்துத் தெரிந்தவர். அந்தப் பொறுமைதான் சோம்கியாட்டுக்குக் கிடைத்த பெரிய உதவி.

பலன் 2022 மார்ச் 20-ஆம் தேதி கிடைத்தது. இந்தோனேசியாவின் மண்டாலிகா தடம். வெயிலில் தார் பெயர்ந்து வருகிறது என்று மோட்டோ2 பந்தயத்தை 16 லேப்பாகக் குறைத்திருந்தார்கள். குறைந்த லேப் என்றால் முன்னால் போகிறவனை எட்டிப்பிடிக்க நேரம் இருக்காது. சோம்கியாட் முன்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். செலஸ்டினோ வியட்டி, ஆரோன் கேனட் போன்றவர்களைப் பின்னால் விட்டு மூன்று விநாடிக்கும் மேலான இடைவெளியில் ஜெயித்தார். அதுவரை போடியமே ஏறாதவர் ஏறிய முதல் போடியம் முதல் இடம். கிராண்ட் பிரி மேடையில் வெற்றியாளருக்காக தாய்லாந்து தேசிய கீதம் ஒலித்தது அதுதான் முதல் முறை. அடுத்து அர்ஜென்டினாவில் இரண்டாம் இடம். அதே வருடம் புரிராமில், சொந்த மண்ணில், போல் பொசிஷன் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்தார். பந்தயத்தன்று மழை கொட்டியது, நனைந்த தடத்தில் விழுந்து வெளியேறினார். அதைப் பற்றி இங்கே இன்னும் ஆதங்கத்தோடுதான் பேசுகிறார்கள்.

2023 அக்டோபரில் ஜப்பானின் மொட்டேகியில் இரண்டாவது வெற்றி. அது ஹோண்டாவின் சொந்தத் தடம். இரண்டாவதாக வந்தவர் அவருடைய டீம்மேட் ஆய் ஒகுரா. சோம்கியாட்டின் மிகச் சிறந்த வருடம் அதுதான். அடுத்த வருடமே மோட்டோஜிபிக்கு ஏற்றியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் எல்சிஆரில் ஜப்பானிய எண்ணெய் நிறுவனமான இடெமிட்சு பணம் போடும் அந்த இருக்கையில் 2018 முதல் டகாகி நாகாகாமி இருந்தார், அது காலியாகவில்லை. 2024-இல் மோட்டோ2 டயர் டன்லப்பிலிருந்து பிரெல்லிக்கு மாறியது, சோம்கியாட்டின் ஓட்டமும் இறங்கியது, புள்ளிப் பட்டியலில் முதல் பத்துக்குள்கூட வரவில்லை. இடம் காலியானது அந்த வருடம்தான்.

இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 இடம் அவருக்குக் கிடைத்ததற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. அந்த இருக்கை ஆசிய ரேஸருக்கென்று வைத்திருந்த இருக்கை, தாய்லாந்து ஹோண்டாவுக்குப் பெரிய சந்தை. அதற்காக அவர் தகுதியில்லாமல் போனார் என்று ஆகாது. இரண்டு கிராண்ட் பிரி ஜெயித்தவர் அவர். உச்சத்தில் இருந்தபோது கிடைக்காத இடம், கொஞ்சம் தடுமாறிய நேரத்தில் கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வண்டி. மோட்டோ2 வண்டியின் சக்தி ஏறக்குறைய 140 குதிரைத்திறன். மோட்டோஜிபி வண்டி அதைப்போல் இரண்டு மடங்கு. கார்பன் பிரேக், பின்பக்கத்தைத் தாழ்த்தும் கருவி, காற்றை அமுக்கும் இறக்கைகள், மிஷெலின் டயர் என்று எல்லாமே புதிது. புரிராம் தடத்தின் ஒரு வசதி, பிரதான கேலரியில் உட்கார்ந்தால் 4.554 கிலோமீட்டர் தடம் ஏறக்குறைய முழுவதும் கண்ணுக்குத் தெரியும். 2025 மார்ச் 2-ஆம் தேதி, சீசனின் முதல் பந்தயத்துக்கு அங்கே போயிருந்தேன். கொளுத்தும் வெயில், சிமெண்ட் படியில் கை வைக்க முடியவில்லை. கடைசிக் கார்னர் வலப்பக்கம் இறுகித் திரும்பும். அங்கே முன்னணியில் வருகிறவர்கள் பிரேக் பிடிக்கும் இடத்துக்கும் பின்னால் வருகிறவர்கள் பிடிக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சில மீட்டர்தான் இருக்கும். ஒரு லேப்பில் அப்படி 12 கார்னர், மொத்தம் 26 லேப், கூட்டிப் பாருங்கள். சோம்கியாட்டின் 35-ஆம் எண் வண்டி கடக்கும்போதெல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எழுந்து நின்றார்கள். 18-ஆவதாக முடித்தார், அப்போதும் நின்றார்கள். மோட்டோஜிபி வகுப்பில் ஓடிய முதல் தாய்லாந்துக்காரர் அவர், வந்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதே பந்தயத்தில் ஒகுரா, அவருக்கும் அதுதான் முதல் மோட்டோஜிபி பந்தயம், 5-ஆவதாக வந்தார். பழைய டீம்மேட் என்பதால் எல்லோரும் இருவரையும் ஒப்பிட்டார்கள். ஒகுராவிடம் இருந்தது ஏப்ரிலியா, இவரிடம் இருந்தது ஹோண்டா, உண்மைதான். ஆனால் வண்டியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. அதே எல்சிஆர் டீமில் அதே ஹோண்டாவில் ஜோஹான் சார்கோ மே மாதம் லெ மான் மழையில் ஜெயித்தார். சார்கோ இரண்டு முறை மோட்டோ2 சாம்பியன், பல வருடம் மோட்டோஜிபியில் ஊறியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோம்கியாட்டை அதிகம் பின்னுக்கு இழுத்தது உடம்பு. கடுமையாக பிரேக் பிடித்துப் பிடித்து முன்கைத் தசை வீங்கி, அதைச் சுற்றியுள்ள உறைக்குள் இறுகி, விரல் மரத்துப்போகும். ரேஸர்கள் ஆர்ம் பம்ப் என்பார்கள். அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூன் கடைசியில் நெதர்லாந்தின் ஆசனில் 15-ஆவதாக முடித்து, மோட்டோஜிபியில் புள்ளி எடுத்த முதல் தாய்லாந்துக்காரர் ஆனார். சரி, இனி ஏறுமுகம்தான் என்று நினைத்த நேரத்தில், ஜூலையில் பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டுப் பல பந்தயங்களை விட்டார். புது வண்டியைக் கற்றுக்கொள்ள வேண்டிய வருடத்தில் வண்டியில் உட்காரவே முடியாமல் போவதைவிடக் கொடுமை ரேஸருக்கு வேறில்லை.

நம் ஊரோடு சேர்த்துப் பார்த்தால் அவர் போன தூரம் இன்னும் நன்றாகப் புரியும். சென்னையின் சரத்குமார் 2011-இலேயே 125சிசி கிராண்ட் பிரியில் ஓட்டினார். அதே சென்னையின் கவின் குவின்டல் ஹோண்டா வழியாக தாய்லாந்து டேலண்ட் கப்பில் ஓட்டினார். திறமைக்கும் துணிச்சலுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. சோம்கியாட்டுக்கு ஒவ்வொரு படிக்கும் அடுத்த படி தயாராக இருந்தது: உள்ளூர், ஆசியா, ஸ்பெயின், மோட்டோ2. தடுமாறிய வருடங்களில்கூட யாரும் ஏணியை எடுத்துவிடவில்லை. அப்படி ஒரு தொடர்ச்சி நம் பையன்களுக்கு இன்னும் அமையவில்லை என்பது எனக்கு மனவருத்தம்தான்.

அவருக்குப் பிறகு அந்த வழியில் ஆள் வராமல் இல்லை. கெமின்த் குபோ 2022-இல் யமஹா பக்கமிருந்து மோட்டோ2-வுக்கு வந்தார். தட்சகோன் புவாஸ்ரீ 2024-இல் ஹோண்டா டீம் ஆசியாவில் மோட்டோ3-க்கு வந்தார்.

சோம்கியாட்டின் ஓட்டமும் முடிந்துவிடவில்லை. 2026-க்கு, கடையில் விற்கும் மாடல் வண்டிகளுக்கான உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப்பில் ஹோண்டாவின் சொந்த டீமில், ஜேக் டிக்சனோடு, ஒப்பந்தம் ஆகியிருக்கிறார். அங்கே ஒரு வாரக்கடைசியில் மூன்று பந்தயம், அதனால் புது வண்டியோடு பழக அதிக லேப் கிடைக்கும். டயர் பிரெல்லி, மோட்டோ2-வில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்ததுதான். ஹோண்டா சூப்பர்பைக் சில வருடங்களாகவே வெற்றிக்குத் திணறுகிற வண்டி என்பதால், முதல் வருடத்திலேயே போடியம் எதிர்பார்க்காதீர்கள். முதல் பத்துக்குள் அடிக்கடி வருகிறாரா, முக்கியமாக உடம்பு ஒத்துழைக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கப்போவது அதைத்தான்.