பெரியவள் ஏன் ராட்டினம் ஏறவில்லை?

கேள்வி: எனக்கு 37 வயது. பூட்டிய இடம் என்றாலே ஆகாது. லிப்டில் ஏற மாட்டேன், குளியலறையில் தாழ் போட மாட்டேன். போன வருஷம் மஞ்சை நகர் மைதானத்துப் பொருட்காட்சியில் ராட்டினக் கூண்டில் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் அடித்தது. ஆனாலும் கொக்கியை மாட்டியதும் நெஞ்சு அடைத்து, கத்தி இறங்கிவிட்டேன். இந்த மே லீவில் லாஸ்பேட்டையில் இருக்கும் கொழுந்தனார் குடும்பத்தோடு சென்னை தீம் பார்க் போவதாக முடிவாகியிருக்கிறது. இன்னும் ஐந்து வாரம். ஓரகத்தி போன தடவையே எல்லோர் முன்னாலும் சிரித்தாள். ‘ஒரு தடவை பிடித்து உட்கார வைத்தால் தெளிந்துவிடும்’ என்கிறார் என் கணவர். பக்கத்து வீட்டு அக்கா தான் போடும், பதற்றத்தைக் குறைக்கும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். போடலாமா? எதில் ஏறலாம், எதைத் தவிர்க்கலாம்? நல்லவேளை, என் பெரியவள் (11 வயது) பொறுப்பானவள். பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு என் கூடவே வெளியில் நின்றுகொள்வாள். சின்னவன்தான் அப்பாவோடு எல்லாவற்றிலும் ஏறுவான்.

- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மே மாதம் நெருங்கினால் இப்படி ஒரு கடிதம் வராமல் இருக்காது. ஊர் மாறும், பார்க் மாறும், பயம் இதேதான். அதனால் ஆறுதல் வார்த்தைகளை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு சொல். ‘நல்லவேளை.’ யாருக்கு நல்லவேளை அம்மா?

11 வயதுப் பெண் தீம் பார்க்குக்கு வந்து, வெயிலில் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறாள். தம்பி ஈரத் தலையோடு ஓடிவந்து அடுத்த ரைடைக் காட்டுகிறான். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். பல பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. உயரம் கேட்பார்கள். அந்த உயரத்தைத் தொடுகிற வயது அவளுக்கு. வாசல் திறக்கிற வருஷத்தில் பிள்ளையை வாசலிலேயே காவலுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். குளியலறையில் தாழ் போட மாட்டேன் என்கிறீர்களே, அப்போது வெளியே நிற்பது யார் என்று எழுதவில்லை. அதையும் என்னால் ஊகிக்க முடிகிறது.

நாளைக்கு நமக்குத் தள்ளாத வயது வந்தால் பிள்ளைகள் தாங்கட்டும், அது முறை. கைகால் நன்றாக இருக்கும் 37 வயதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மேல் சாய்ந்து நிற்பது முறையே இல்லை. அதிலும் பையன் ஏறுவான், பெண் பை தூக்குவாள் என்று எழுதிவிட்டு ‘பொறுப்பானவள்’ என்று பாராட்டு வேறு. பயம் என்ன என்பதைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே படித்துக்கொள்கிறார்கள். அவள் இதுவரை ஒரு லிப்டிலாவது ஏறியிருக்கிறாளா என்று யோசித்துப் பாருங்கள்.

குடும்ப முறைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் பயம் கரையாமல் இருப்பதற்கே அவள் ஒரு காரணம். பயம் உச்சத்துக்கு ஏறும்போது அவள் கையைப் பிடிக்கிறீர்கள், வெளியே வருகிறீர்கள், பயம் இறங்குகிறது. ‘இவள் இருந்ததால் பிழைத்தேன்’ என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அவள் இல்லாமலும் அந்தப் பயம் இறங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மனநல மருத்துவத்தில் இதைப் பாதுகாப்பு நடத்தை என்பார்கள். தண்ணீர் பாட்டில், கையில் செல்போன், கதவோரத்து நாற்காலி எல்லாம் இதில் சேர்த்திதான்.

இந்தப் பயத்தில் இரண்டு சரடு உண்டு. ஒன்று மூச்சு முட்டிப்போகும் என்பது. மற்றது அகப்பட்டுக்கொண்டோம், இறங்க முடியாது என்பது. உங்களுடையது எது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாலு பக்கமும் காற்று அடிக்கிற கூண்டில், கொக்கியை மாட்டிய பிறகுதானே நெஞ்சு அடைத்தது? காற்றுக்குக் குறைவில்லை, கொக்கிதான் பிரச்சினை. அதனால் வெறும் மூச்சுப் பயிற்சி உங்களைக் கரை சேர்க்காது. தாழ்ப்பாளோடுதான் பழக வேண்டும்.

நெஞ்சு அடைப்பது ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குவீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனி மரத்து, தலை லேசாகி, மார்பு இறுகும். ஆக்ஸிஜன் குறைவதில்லை. இன்னும் இழுத்து மூச்சு வாங்கினால் இதெல்லாம் கூடத்தான் செய்யும். இந்தப் பதற்றம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாக இறங்கும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் உச்சத்திலேயே ஓடி வந்துவிடுவதால் அது இறங்குவதைப் பார்த்ததே இல்லை. (பூட்டிய இடம் இல்லாத நேரத்திலும் படபடப்பு வந்தால் தைராய்டு, ரத்தசோகை, இதயம், வீசிங் ஆகியவற்றை முதலில் பரிசோதித்துவிடுங்கள். அது வேறு கதையாக இருக்கலாம்.)

ஐந்து வாரம் போதுமான காலம்தான். உங்கள் வீட்டுக் குளியலறையில் ஆரம்பியுங்கள். முதல் வேலை தாழ்ப்பாளைப் பார்ப்பது. கடலூர் உப்புக் காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் சீக்கிரம் துருப்பிடித்துப் பாதியில் சிக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊறி நிலையில் இடிக்கும். தாழ்ப்பாள் தண்டிலும் அது நுழைகிற வளையத்திலும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கதவைத் திறந்து வைத்தபடியே பத்துத் தடவை இழுத்து மூடுங்கள். கதவு இடித்தால் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடுங்கள். அப்படியும் சிக்கினால் புதிது மாட்டுங்கள். அத்தோடு சரி. தினமும் ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனால் அதுவும் பாதுகாப்பு நடத்தையாகிவிடும்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போகுமுன் ‘என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்’ என்று ஒரே வரி எழுதுங்கள். மயங்கி விழுவேன், கத்துவேன், கதவு திறக்காது, எதுவானாலும் சரி. பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். முதலில் கதவை வெறுமனே சாத்தி, ஸ்டூலில் உட்காருங்கள். பயம் 7 என்றால் அது 3-க்கு வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. முதல் நாளில் அரை மணி நேரம்கூட ஆகலாம். 5 நிமிடத்தில் ‘பார்த்தேன், முடியவில்லை’ என்று வெளியே வருவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது பயத்துக்குத் தீனி போடுகிற வேலை. வெளியே வந்த பிறகு, உண்மையில் என்ன நடந்தது என்று அதே வரிக்குக் கீழே எழுதுங்கள். உட்கார்ந்த உடனேயே பயம் 3-தான் என்கிற நாள் வந்ததும் தாழ் போடுங்கள். அடுத்தது தாழ் போட்டு விளக்கை அணைப்பது.

முதல் வாரம் உங்கள் கணவர் கதவுக்கு வெளியே நிற்கலாம். பிறகு கூடத்துக்குப் போகட்டும், அதன் பிறகு கடைத்தெருவுக்கு. மகள் வேண்டாம். அவள் பள்ளியிலோ விளையாட்டிலோ இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. உள்ளே போவதுதான் இதற்கு மருந்து என்பதில் அவர் சொல்வது சரி. பிடித்துத் தள்ளுவதில்தான் தப்பு. தாழ் பயப்படுகிறவர் கையில் இருக்க வேண்டும். ஏமாற்றி ஏற்றிவிட்டால் பயத்தோடு, அவரை நம்ப முடியாது என்பதும் சேர்ந்துகொள்ளும். ஓரகத்தி சிரித்ததற்குப் பதில் எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.

மூன்றாவது வாரம் லிப்ட். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் போனால் லிப்ட் வைத்த ஜவுளிக்கடை கிடைக்கும். முதலில் ஒரு மாடி, பிறகு மேலும் கீழுமாக எட்டுப் பத்துத் தடவை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். லிப்ட் பெட்டி காற்றுப் புகாத டப்பா இல்லை, இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். நடுவில் நின்றாலும் மணியை அழுத்திக் காத்திருப்பதுதான் வேலை. கதவை நெம்பி இறங்கப் பார்ப்பதில்தான் ஆபத்து.

அடுத்து, நடுவில் இறங்க முடியாத பயணம். கொழுந்தனார் காரில் பின்சீட்டு நடுவில், இரண்டு பக்கமும் ஆள் இருக்க, பெல்ட் போட்டுக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரி வரை. 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிறகு பிச்சாவரம் துடுப்புப் படகு. சுரபுன்னைக் கிளைகள் தலைக்கு மேல் கூடுகிற குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டால் படகுக்காரர் திருப்பினால்தான் வெளியே. உங்கள் கொக்கிப் பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி நம் மாவட்டத்தில் இல்லை. கடைசி வாரம் புதிதாக எதுவும் வேண்டாம், செய்ததையே திரும்பச் செய்யுங்கள்.

மாத்திரை கேட்டீர்கள். வேண்டாம். அல்பிரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில்கூடக் கொடுக்கக் கூடாத மருந்து. இன்னொருவர் டப்பாவிலிருந்து பாதியாக உடைத்துப் போட அது இருமல் மிட்டாய் இல்லை. மயக்கம் தரும், பழக்கமாகும். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் ரைடில் தள்ளாடினால் உங்களைத் தூக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான். தைரியம் வந்தாலும் மாத்திரையால் வந்தது என்றே மூளை நினைக்கும்.

இனி பார்க். வார நாளில் போங்கள், வாசல் திறக்கும்போதே போங்கள். ரைடு சில நிமிடங்களில் முடிந்துவிடும், உங்களை அடிப்பது வரிசைதான். கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஆள் நிற்க நிற்பதே ஒரு மூடிய இடம். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள். காபி வேண்டாம், அது தரும் படபடப்பைப் பயம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை எடுத்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். மார்பில் இறுகும் உடையே பாதி மூச்சுமுட்டல்.

ஒவ்வொரு ரைடிலும் ஊழியரிடம் கேளுங்கள்: எத்தனை நிமிடம் ஓடும், கதவு உண்டா, மனம் மாறினால் கடைசியாக எந்த இடத்தில் வெளியேறலாம், ஆபத்து என்றால் விளக்கு போடுவீர்களா? ஏறுகிற மேடையிலேயே ஏறாமல் வெளியே போக வழி விடுவது வழக்கம். அதனால் முடிவை மேடையில் எடுங்கள். மடி மேல் கம்பி இறங்கி வண்டி நகர்ந்த பிறகு நீங்களும் திறக்க முடியாது, அவர்களும் நடுவழியில் திறக்க மாட்டார்கள்.

அந்த மடிக்கம்பியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல ரைடுகளில் அது பல் பல்லாக இறங்கிப் பூட்டும். இறுகுமே தவிர, தளராது. பயத்தில் முன்னால் குனிந்து, மூச்சை விட்டு, வயிற்றை உள்ளிழுத்தபடி நீங்களே அதை இழுத்தால் அந்த அளவில் பூட்டிக்கொள்ளும். பிறகு நிமிர்ந்ததும் வயிற்றில் அழுத்தும், ‘அகப்பட்டேன்’ என்று தோன்றும். இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் வரை தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வயிறு நிறைய இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் வந்து கம்பியை இறக்கட்டும்.

திறந்த ரயில், திறந்த படகில் ஆரம்பித்து, குகை வழியாகப் போகும் வண்டி, பிறகு இருட்டறை ரைடு என்று போங்கள். கதவு மூடும் சிமுலேட்டர் கடைசி. மூடிய குழாய்ச் சறுக்கலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். சில நொடியில் முடிந்துவிடும், பயம் இறங்குவதற்கு அதில் நேரமே கிடையாது. வரிசையில் படபடத்தால் கார் நிறுத்துமிடம் வரை ஓடாதீர்கள். ஓரமாக நகர்ந்து, கம்பியில் உள்ளங்கையை வைத்து, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து 6 எண்ணும்வரை விடுங்கள். படபடப்பு இறங்கியதும் மறுபடி வரிசைக்கு வாருங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம்.

ஊரில் போடும் பொருட்காட்சிப் பேய் வீட்டை மட்டும் நீங்கள் தவிர்த்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 1984 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவின் பேய்க்கோட்டை தீப்பிடித்து 8 பதின்வயதினர் இறந்தார்கள். டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய கூடம், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கூடக் கிடையாது. தகரமும் தார்ப்பாயும் போட்டு, வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நுழைய மறுப்பது புத்தி. காற்றடிக்கும் கூண்டில் கத்துவது பயம். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மதிப்பெண் அசையவில்லை என்றால் கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இந்த வகைப் பயத்துக்கு ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறையில், ஒரே நாளில் 3 மணி நேரம் வரை நீளும் பயிற்சியே தரப்படுகிறது. வருஷக்கணக்கில் அலைய வேண்டிய நோய் இல்லை இது.

மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். ‘அம்மாவுக்குப் பூட்டின இடம்னா பயம். அதை நான் சரிபண்ணிக்கிட்டிருக்கேன். நீ இனிமே எனக்காக நிக்க வேணாம், தம்பியோட போ.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், அழுகையும் வேண்டாம். பழக்க தோஷத்தில் அவள் முதலில் உங்கள் பக்கமே வருவாள். திருப்பி அனுப்புங்கள். அந்த நிமிடம் உங்களுக்குப் படபடத்தாலும் அனுப்புங்கள்.

பார்க்கில் உள்ளே நுழைந்ததும் லாக்கர் எடுத்து, பையையும் பாட்டிலையும் அதில் வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.