முதலில் பயிற்சி, பிறகு சம்பளமா?

கேள்வி: குறைந்தபட்சச் சம்பளத்தை 30,000 ஆக்கியதால் சின்னக் கடைக்காரர்கள் ஆட்களைக் குறைக்கிறார்கள். அதற்குப் பதிலாக இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தால் என்ன? – வாசகர், கல்முனை

பதில்: கொடுக்கட்டும். 'பதிலாக' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

முதலில் கணக்கு. இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் 30,000. கூடியது 3,000. முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் இரண்டையும் சேர்த்தால் ஆளுக்கு 3,450. ஐந்து பேர் நிற்கும் புடவைக் கடைக்கு மாதம் 17,250. 26 நாள் வியாபாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய 665 ரூபாய். கடை இதில் மூழ்குமா என்பதை முதலாளியின் கணக்குக் கொப்பிதான் சொல்ல வேண்டும். அதுவும் 27,000 ஒழுங்காகக் கொடுத்து வந்தவருக்கான கணக்கு. 18,000 கொடுத்து வந்தவருக்குப் பாரம் பெரிதுதான். அந்தப் பாரத்தை ஏற்றியது சட்டமா, பழைய பாக்கியா?

1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் அலன் குரூகரும் அங்கும் அயலிலுள்ள கிழக்குப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களைக் கணக்கெடுத்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. வேறு இரு பொருளியலாளர்கள், நியூமார்க்கும் வாஷரும், சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆளெடுப்பவர் நாலைந்து பேரே உள்ள ஊரில் கூலி உழைப்பின் பெறுமதிக்குக் கீழேயே கிடக்கும், அங்கே கொஞ்சம் உயர்த்தினால் ஆள் குறையாது என்பது கார்ட் தரப்பாரின் விளக்கங்களில் ஒன்று. எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் சம்பளம் கரைவது வேறு வழியில். முதலாளியின் 12 வீதத்தையும் தொழிலாளியின் தலையில் போடுவார்கள்: 30,000க்குத் தொழிலாளியின் பங்கான 8 வீதம், 2,400 மட்டும் வெட்டிக் கையில் 27,600 தர வேண்டியவர் 24,000 தருவார். இன்னொருவர் சம்பளத்தை உடைத்துப் பாதியை 'வாழ்க்கைச் செலவுப் படி' என்பார். அந்தப் படிக்கும் சேமலாப நிதி கட்டியாக வேண்டும். நோன்புப் பெருநாள், தீபாவளிக் காலத்தில் இரவு பத்து மணிவரை கடை திறந்திருக்கும். 30,000ஐ மாதத்துக்கு 240 மணியாகப் பிரித்து மணிக்கு 125 என்றால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 187.50. சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே இல்லையென்றால் தொழில் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

இனிப் பயிற்சி. வளரும் நாடுகளின் திட்டங்களை 2017இல் தொகுத்து ஆராய்ந்த பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி கண்டது: 100 பேருக்குத் தொழிற்பயிற்சி அளித்தால் அதனால் கூடுதலாக வேலை பெறுவோர் மூன்று பேருக்கும் குறைவு. பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை; எந்த வகுப்பு என்று பார்த்துச் சேருங்கள். நிலையம் மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டது என்பது ஒன்று, அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றது என்பது வேறு. இரண்டாவது இல்லாமல் அந்த வகுப்பால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வராது. விளம்பரப் பலகையில் பெரிதாக இருப்பது முதலாவதுதான்.

ஏழெட்டு வருடம் வயரிங் செய்த பொடியன் மறுபடி வகுப்பில் குந்த வேண்டியதில்லை. அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவில் முன்கற்றலுக்கான மதிப்பீட்டுக்கு, அதாவது வேலையிலேயே கற்றதைச் சோதித்து அதே சான்றிதழ் தரும் முறைக்கு, விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். கடிதம் கேட்டால் சில முதலாளிமார் இழுத்தடிப்பார்கள்: சான்றிதழ் கையில் கிடைத்தால் ஆள் நிற்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.