நகமா, முகமா?

அன்புள்ள அக்கா,

பார்லரில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் கேட்கிறேன். எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு அழகுக்கலை படிக்கலாம் என்று இருக்கிறேன். சென்னையில் ஒரே இடத்தில் இரண்டு கோர்ஸ். நகத்துக்கு ஆறு வாரம். ஸ்கின்னுக்கு ஆறு மாதம், ஃபீஸும் மூன்று மடங்கு. அம்மாவின் வளையலை வைத்துத்தான் கட்ட வேண்டும், அதனால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எனக்குக் கை நிதானம் உண்டு. மார்கழியில் என் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து வருவார்கள். நெயில் ஆர்ட் சட்டென்று வந்துவிடும் என்று தோன்றுகிறது. அப்பா, “அடுத்தவன் நகத்தைத் தேய்க்கிறதெல்லாம் ஒரு வேலையா” என்கிறார். எது நிலைக்கும்? எதில் காசு? சின்ன வயதிலிருந்து கொஞ்சம் வீசிங் உண்டு, பனிக்காலத்தில் மட்டும்தான்.

க.

அன்புள்ள க.,

கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள். வீசிங். அதற்கு வருகிறேன்.

அப்பாவிடம் ஒரு கதை சொல்லுங்கள். 1975-ல் வியட்நாம் போர் முடிந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போன பெண்கள் சிலர் கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தார்கள். அங்கே உதவப் போன நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்கள் அவர்களுக்குப் பிடித்துப்போயின. அவர் தனக்கு நகம் செய்துவிடும் பெண்ணையே அழைத்துவந்து இருபது பேருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். இன்று அந்த மாநிலத்தில் நகக்கடைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் வியட்நாமியப் பேச்சுதான் காதில் விழும். ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் செய்யக்கூடிய, சீக்கிரம் கற்கக்கூடிய, ஒரு மேஜையோடு தொடங்கக்கூடிய தொழில். அங்கே லைசென்ஸுக்கு நகம் என்றால் 400 மணி நேரம், சருமம் என்றால் 600 மணி நேரம் படிக்க வேண்டும். நம்மூரில் லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் ஆறு வாரம் ஆறு வாரமாக இருப்பது அதனால்தான்.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். எந்த ஊரில் தொழில் செய்யப்போகிறீர்கள் என்பதை எழுதவில்லையே! விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். எக்ஸ்டென்ஷன், அதாவது நீட்டிவிட்ட செயற்கை நகம், வைத்தவளுக்கு மூன்றாவது வாரம் அடியில் வெற்று நகம் எட்டிப்பார்க்கும், அந்த இடைவெளியை நிரப்ப, அதாவது ரீஃபில் செய்ய, வந்தே ஆகவேண்டும். சென்னையில் ஐ.டி. கம்பெனிப் பக்கம் இந்த மூன்று வாரக் கணக்கில்தான் கடைகள் ஓடுகின்றன. கும்பகோணத்தில் அந்த நகத்தோடு ரசம் சாதத்தைப் பிசைந்து பாருங்கள். பாத்திரம் தேய்த்துப் பாருங்கள். அங்கே வருகிறவள் கல்யாணப் பெண், ரிசப்ஷன் முடிந்த வாரமே கழற்றிவிடுவாள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வெள்ளிக்கிழமை நகத்தில் கத்தி வைக்க விடமாட்டார்கள், விளக்கு வைத்த பிறகும் கூடாது. (என்னிடம் ஒரு அம்மாள் ஐந்தரை மணிக்கு பெடிக்யூருக்கு வந்துவிட்டு, ஆறு மணி ஆனதும் “மிச்சத்தை நாளைக்கு வெட்டிக்கிறேன்” என்று எழுந்து போனார். ஒரு கால் முடிந்திருந்தது.)

ஆனால் வேலையாகப் பார்த்தால் எனக்கு நகம்தான் பிடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் செய்தது கண்ணெதிரே நிற்கும். கோணிவிட்டதா, அசிட்டோனில் ஊறவைத்து எடுத்துவிட்டு மறுபடி போடலாம். கோலத்தைப் போலவேதான். உங்கள் கை அதற்கான கை என்பதில் சந்தேகமில்லை.

சிக்கல் உங்கள் மூச்சில். செயற்கை நகம் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை டிரில் வைத்துத் தேய்க்கும்போது பறக்கும் தூள் விபூதியைவிட நைசாக இருக்கும். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் புருவம் நரைத்திருக்கும். அக்ரிலிக் தூளைக் குழைக்கும் லிக்விடின் வாடை ஏ.சி. அறையில் வெளியே போக வழியில்லாமல் சுற்றும். நாம் போடும் சாதாரண மாஸ்க், தூளில் ஒரு பங்கைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. வீசிங் இல்லாதவர்களே சில வருடத்தில் மூச்சு இளைக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். லேம்ப்பில் காய்ந்து இறுகும் ஜெல்லுக்கு வாடை குறைவு, ஆனால் அதற்கு வேறு வினை. லேம்ப்பில் காயாத ஜெல் நகமும் சதையும் சேருமிடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரலாம், வந்தால் ஆயுசுக்கும் போகாது. என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்கு இரண்டாம் வருடம் விரல் நுனிகள் வெடித்தன. கையுறை போட்டும் நிற்கவில்லை, மெல்லிய கையுறையில் அது கொஞ்ச நேரத்தில் ஊடுருவிவிடும். இப்போது பல் அடைக்கப் போனால்கூட அவள் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லடைக்கும் பிசினும் அதே குடும்பம். ஜெல்லைக் காயவைக்கச் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் தடை செய்துவிட்டது. உங்கள் கோர்ஸில் எந்த டப்பாவைத் திறக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

அப்போ ஸ்கின் பத்திரமா என்றால், உங்களுக்குப் பத்திரம். வந்து படுக்கிறவளுக்கு?

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். கன்னம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, உள்ளே சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. எவ்வளவு நல்ல தோல் என்று நினைத்தேன். முதலாளியம்மா சொன்னபடி பீல், அதாவது மேல்தோலை உரிக்கும் ஆசிட், போட்டேன். இரண்டாவது நிமிடமே “எரியுதுக்கா” என்றாள். “கொஞ்சம் எரியத்தாம்மா செய்யும்” என்று விசிறிக்கொண்டே சொன்னேன். மறுநாள் தோல் உரிந்தது. முகூர்த்தத்தன்று இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டு, அதன்மேல் அப்பிய மேக்கப். நம் நிறத்துத் தோலில் புண் ஆறினாலும் அந்தக் கறை மாதக்கணக்கில் போகாது. இரண்டு வருடமாக மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தினம் பூசியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பளபளப்பு, தோல் மெலிந்துபோனதன் பளபளப்பு. என்ன கிரீம் போடுகிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஃபேஷியலில் மசாஜ் ஸ்ட்ரோக் சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளையாக வேண்டும். 2023-ல் மலப்புரத்தில் சிறுநீரகம் கெட்டுப்போய் வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பூசிய வெளுப்புக் கிரீமில் பாதரசம் இருந்தது தெரிந்தது. இந்தத் தொழிலில் முக்கால்வாசி வேலை “வேண்டாம்மா” என்று சொல்வது. வந்த கஸ்டமரைத் திருப்பி அனுப்பினால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு நான் ஸ்கின் என்றுதான் சொல்வேன். வீசிங் மட்டும் இல்லையென்றால் யோசிக்காமல் நகம் என்றிருப்பேன். உங்கள் கை நிதானம் த்ரெடிங்கில் வீணாகாது. கல்யாணப் பெண்களுக்கு மருதாணியும் சாதாரண பாலிஷில் டிசைனும் போடுங்கள், அதற்குத் தனிக் கோர்ஸ் வேண்டாம்.

வளையலை இப்போதே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சில ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பாக இருக்கிறது, முதலில் அதை விசாரியுங்கள். தனியார் இடம்தான் என்றால், தோல் நோயை அடையாளம் காண யார் வகுப்பெடுக்கிறார்கள், ஆறு மாதத்தில் எத்தனை முகம் தொடவிடுவார்கள் என்று கேளுங்கள். கிட் பேக்கைக் காட்டிப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சொல்வதில் நம்பிக்கை வராவிட்டால் ஒரு சனிக்கிழமை சென்னையில் கூட்டமான நகக்கடையில் போய் நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். இன்ஹேலரைப் பையில் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
அக்கா